கருவிழியை சரிபண்ணற ஸ்டெம் செல்லை லேப்ல அடையாளம் காண்றது எப்படி?

கண் ஆராய்ச்சி லேப்ல புதுசா சேர்ற எம்.எஸ்சி, பிஎச்.டி பசங்களுக்காக எழுதறேன். கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சு, ஆசிட் பட்டு வர்றவங்கள்ல சில பேருக்கு கருவிழி மாத்தி வச்சாக்கூட அது நிக்கறதில்ல. கருவிழியோட மேல்தோல் ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள முழுசா புதுப்பிச்சுக்கிட்டே இருக்கற ஒண்ணு, அதுக்கு செல் அனுப்பற இடமே வெந்து போச்சுன்னா புதுசா வச்ச கருவிழி மேலயும் வெள்ளைவிழி பக்கத்து சவ்வு ரத்தக்குழாயோட ஏறி மூடிடும், மறுபடி பார்வை போயிடும். அதனால அந்த செல் (தன்னையும் காப்பாத்திக்கிட்டு புது செல்லையும் தர்ற ஸ்டெம் செல்) எங்க இருக்கு, எது அதுன்னு சரியா சொல்லத் தெரிஞ்சாதான் வைத்தியமே நடக்கும்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், "இது இருந்தா ஸ்டெம் செல், இல்லன்னா இல்ல"ன்னு சொல்ற மாதிரி ஒரே ஒரு மார்க்கர் (செல்லை அடையாளம் காட்டற புரதம்) இந்த செல்லுக்கு இன்னிக்கு வரைக்கும் கிடையாது. நாலஞ்சு அடையாளம் ஒண்ணா சேர்ந்து வரணும், கடைசியில அந்த செல் எப்படி நடந்துக்குதுன்னும் பார்க்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

எங்க தேடணும்

கருவிழியும் வெள்ளைவிழியும் சேர்ற ஓரத்துக்கு லிம்பஸ்னு பேரு. கருவிழிக்கு அதுதான் நாத்தங்கால். அங்க வோக்ட் பாலிசேட்ஸ்னு வரிவரியா மடிப்பு இருக்கும், அந்த மடிப்போட அடி வரிசையிலதான் நமக்கு வேண்டிய செல் உக்காந்திருக்கு. இந்த இடத்தை 1971லயே டாவஞ்சர், எவென்சன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. 1986ல கே3 கெரட்டின்ங்கற புரதம் கருவிழி முழுக்க இருக்கு ஆனா லிம்பஸோட அடி வரிசையில மட்டும் இல்லன்னு ஷெர்மர் குழு காட்டினாங்க, 1989ல மெதுவா பிரியற செல்லும் அங்கதான் இருக்குன்னு காட்சரெலிஸ் குழு எலியில காட்டினாங்க. சுத்தி எல்லா இடத்துலயும் மடிப்பு ஒரே மாதிரி இருக்காது, மேல் பக்கமும் கீழ் பக்கமும்தான் அதிகம், மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் கம்மி. அதனால எந்தப் பக்கத்துல இருந்து எடுத்த துண்டுன்னு குறிச்சு வைக்காம வேலைய ஆரம்பிக்காதீங்க. நம்ம ஊர்க்காரங்க கண்ணுல அங்க நிறமி நல்லா இருக்கும், ஸ்லிட் லேம்ப்ல (கண் டாக்டர் கண்ணைப் பெருசாக்கிப் பார்க்கற கருவி) பார்த்தாலே பழுப்புக் கோடு கோடா தெரியும்.

திசு எடுக்கறதும் பிரிக்கறதும்

கண் தானத்துல வந்த கருவிழியில நடுவட்டத்தை ஆபரேஷனுக்கு எடுத்துட்டு மிச்சம் இருக்கற வளையம்தான் பொதுவா லேபுக்கு வரும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம அதைத் தொடவே கூடாது, ஒரு குடும்பம் அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அது. எம்.கே. மீடியத்துல (கருவிழியைக் கெடாம வைக்கற திரவம்) வச்சதுன்னா நாலு நாளைக்குள்ள எடுத்துடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வளையத்தை ரெண்டா பிரிச்சுக்கங்க. ஒரு பாதியை செக்‌ஷனுக்கு (மெல்லிசா சீவிப் பார்க்க) வைங்க, வெட்டும்போது சவ்வு, லிம்பஸ், கருவிழி மூணும் ஒரே ஸ்லைடுல வர்ற மாதிரி குறுக்கா வெட்டணும், ஏன்னா கருவிழிப் பக்கம்தான் உங்களோட கன்ட்ரோல், அது பக்கத்துலயே இருந்தா ஸ்டெய்ன் (மார்க்கரைக் காட்டற சாயம்) வேலை செஞ்சுதா இல்லையான்னு சந்தேகமே வராது. இன்னொரு பாதியை டிஸ்பேஸ்ங்கற என்ஸைம்ல 4 டிகிரியில ராத்திரி முழுக்க ஊற வச்சா காலையில மேல்தோல் தகடா உரிஞ்சு வரும், அதை ட்ரிப்சின்ல போட்டு தனித்தனி செல்லா பிரிக்கலாம். டிஸ்பேஸ்ல ஒரு குறை இருக்கு, ஆழமான மடிப்புக்குள்ள இருக்கற செல் கொஞ்சம் அடியிலயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். அதுவும் வேணும்னா கொலாஜினேஸ் போடுங்க, பக்கத்துல துணைக்கு இருக்கற செல்லோட சேர்ந்து கொத்தா வரும்.

எதைப் பார்க்கணும்

முதல்ல அளவு. லிம்பஸ் அடி வரிசை செல் சின்னது, சுமார் 10 மைக்ரான்தான் இருக்கும், உள்ள நியூக்ளியஸ் பெருசா நிறைஞ்சு நிக்கும், சுத்தி சைட்டோபிளாசம் கொஞ்சூண்டு. மேல் வரிசைக்குப் போகப் போக செல் பெருசாகி தட்டையாகிடும்.

அடுத்தது மார்க்கர். இருக்க வேண்டியது பி63, ஏபிசிஜி2, கே14, கே15 இந்த மாதிரி (கேன்னு ஆரம்பிக்கறதெல்லாம் கெரட்டின் வகை). இருக்கக் கூடாதது கே3, கே12, கனெக்சின் 43, இதெல்லாம் செல் முதிர்ந்து கருவிழி செல்லா மாறிடுச்சுன்னு சொல்றது. புதுசா வர்றவங்க இருக்க வேண்டியதை மட்டும் ஸ்டெய்ன் பண்ணி சந்தோஷப்பட்டுடறாங்க, என்னைக் கேட்டா இருக்கக் கூடாதது இல்லன்னு காட்டறதுதான் அதை விட பலமான சாட்சி.

பி63 பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். 2001ல பெல்லெக்ரினி குழு இதை ஸ்டெம் செல் அடையாளமா சொன்னாங்க, அப்புறம்தான் பிரியத் தயாரா இருக்கற அடுத்த கட்ட செல்லுலயும் இது கொஞ்சம் இருக்குன்னு தெரிய வந்துச்சு. 4ஏ4ங்கற ஆன்டிபாடி எல்லா வகை பி63யையும் பிடிச்சுடும், உண்மையில ஸ்டெம் செல்லோட நெருக்கமா ஒட்டி வர்றது டெல்டா என் பி63 ஆல்ஃபாங்கற வகை. அதனால "பி63 பாசிட்டிவ் 40 சதவீதம்"னு யாராவது ஸ்லைடு காட்டினா அது 40 சதவீதம் ஸ்டெம் செல்னு அர்த்தம் இல்ல.

இதுக்கு மதுரை அரவிந்த் ஆராய்ச்சி நிலையத்துல பேராசிரியர் முத்துக்கருப்பன் குழு 2005ல ஒரு நல்ல வழி காட்டினாங்க. பி63 இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்காம அது எவ்வளவு பிரகாசமா இருக்குன்னு கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப்புல அளந்து, கூடவே நியூக்ளியஸுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் உள்ள விகிதத்தையும் அளந்தாங்க, ரெண்டும் ஒண்ணா அதிகமா இருக்கற செல்லை மட்டும் தனியா எண்ணினாங்க, அது லிம்பஸ்ல மட்டும் ஒரு சின்ன கூட்டமா நின்னுச்சு. பெரிய செலவு இல்லாத முறை, நல்ல மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் இருந்தா போதும். நீங்க பண்ணும்போது லேசர் பவர், கெய்ன் எதையும் ஸ்லைடுக்கு ஸ்லைடு மாத்தாதீங்க, மாத்தினா பிரகாசத்தை ஒப்பிடவே முடியாது. இன்னொண்ணு, நிறமி இருக்கற கண்ணுல பழுப்பு நிறம் வர்ற டிஏபி ஸ்டெய்ன் போட்டா மெலனினும் பழுப்பு, ஸ்டெய்னும் பழுப்பு, எது எதுன்னு தெரியாது. சிவப்பு நிறம் வர்ற ஏஇசி போடுங்க, இல்லன்னா ஃப்ளோரசன்ஸ்.

கடைசிப் பரீட்சை

மார்க்கர் எல்லாம் சரியா வந்தாலும் அது சந்தேகப்படற ஆள் லிஸ்ட் மாதிரிதான், வளர்த்துப் பார்த்தாதான் உறுதி. பிரியாம நிறுத்தி வச்ச 3டி3 எலி செல் (வளர்றதுக்குத் துணையா இருக்கறது) மேல ஒவ்வொரு செல்லா தனித்தனி கிணத்துல போட்டு, ஒரு வாரத்துல வர்ற குளோனை (ஒரே செல்லுல இருந்து பெருகின கூட்டம்) எடுத்து, அதுல கால் பங்கை வேற தட்டுல பரப்பி, 12 நாள் கழிச்சு ஸ்டெய்ன் பண்ணிப் பார்க்கணும். வளராம சுருங்கிப் போன காலனி 5 சதவீதம் வரைக்கும்தான் இருக்குன்னா அது ஹோலோகுளோன், அதாவது ஸ்டெம் செல்லுல இருந்து வந்தது. 95 சதவீதத்துக்கு மேல சுருங்கிடுச்சுன்னா பாராகுளோன், நடுவுல நிக்கறது மெரோகுளோன். தோல் செல்லுக்காக பராண்டனும் கிரீனும் 1987ல வகுத்த கணக்கு இது. நாள் பிடிக்கும், கை வலிக்கும், ஆனா இதுக்கு குறுக்கு வழி இல்ல.

ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லை ஒவ்வொண்ணா ஓட விட்டு அளக்கற கருவி) வசதி இருந்தா ஹெக்ஸ்ட் 33342 சாயத்தை வெளிய தள்ளற செல்லைப் பிரிக்கலாம், லிம்பஸ்ல அது 1 சதவீதத்துக்கும் கம்மியாத்தான் கிடைக்கும், வெராபமில் (அப்படி வெளிய தள்ளறதைத் தடுக்கற மருந்து) போட்ட கன்ட்ரோல் கட்டாயம் வேணும். 2014ல பாஸ்டன் குழு ஏபிசிபி5ங்கற மார்க்கரைக் கொண்டு வந்தாங்க, அது செல்லோட மேற்பரப்புல இருக்கறதால உயிரோடயே பிரிச்சு எடுக்கலாம். பி63 நியூக்ளியஸுக்குள்ள இருக்கறதால அதைப் பார்க்கணும்னா செல்லைக் கொன்னுதான் ஆகணும், அந்த வகையில இது பெரிய லாபம்.

வளர்த்த செல்லுல சவ்வு செல் கலந்துடுச்சான்னும் பாருங்க. கே13 இருந்தா சவ்வுப் பக்கம், கே12 இருந்தா கருவிழிப் பக்கம். லிம்பஸ் துண்டு எடுக்கும்போது கத்தி கொஞ்சம் வெளிய போனாலும் இது நடக்கும், அந்தத் தட்டை நோயாளிக்கு வச்சா எதைத் தடுக்கணும்னு நினைச்சோமோ அதையே நாம கொண்டு போய் வச்ச மாதிரி ஆகிடும்.

இவ்வளவு எண்ணிக்கை எதுக்குன்னு கேக்கறவங்க 2010ல இத்தாலிக்காரங்க வெளியிட்டதைப் படிக்கணும். 112 பேருக்கு வளர்த்த லிம்பஸ் செல் வச்சாங்க, 76.6 சதவீதம் பேருக்கு கருவிழி மேல்தோல் நிலைச்சு வந்துச்சு. வச்ச செல்லுல பிரகாசமான பி63 செல் 3 சதவீதத்துக்கு மேல இருந்தவங்கள்ல 78 சதவீதம் வெற்றி, 3 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்தவங்கள்ல 11 சதவீதம்தான். மொத்தம் எத்தனை செல் வச்சோங்கறதை விட அதுல எத்தனை உண்மையான ஸ்டெம் செல்ங்கறதுதான் முக்கியம்னு இதை விடத் தெளிவா காட்ட முடியாது. இந்த சிகிச்சைக்குத்தான் 2015ல ஐரோப்பாவுல ஹோலோகிளார்ங்கற பேர்ல அனுமதி கிடைச்சுது.

ஒரு கண்ணு மட்டும் போனவங்களுக்கு ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் ஆஸ்பத்திரியில டாக்டர் சங்வான் குழு 2012ல சொன்ன ஸ்லெட் முறை இருக்கு, நல்ல கண்ணுல இருந்து 2க்கு 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, சின்னச் சின்னதா நறுக்கி பனிக்குட சவ்வு மேல பசையால ஒட்டிடுவாங்க, செல் கண்ணுக்குள்ளயே வளரும், லேபே தேவையில்ல. ரெண்டு கண்ணும் வெந்து போனவங்களுக்கு எடுக்க சொந்த லிம்பஸே மிச்சம் இருக்காது, பெரும்பாலும் வேற ஒருத்தர் கண்ணுல இருந்து எடுக்கணும், உடம்பு அதை ஒதுக்காம இருக்க மருந்தும் போடணும். நீங்க பழகறப்போ வச்சுக்கிட்ட எண்ணிக்கை நோட்டு, கன்ட்ரோல் ஸ்லைடு, எந்தப் பக்கத்துத் துண்டுங்கற குறிப்பு எல்லாமே அவங்களுக்குத்தான் முதல்ல உதவும், அதனால முதல் நாள்ல இருந்தே ஒழுங்கா எழுதி வைங்க.