காலைப் பனியை அளப்பது எப்படி

புல்மேல் நிற்கும் துளியும் பனி, வழியை மறைக்கும் புகைப்படலமும் பனி, கடுங்குளிரில் இலைமேல் வெள்ளையாக இறுகியிருப்பதும் பனி. கண் கலங்கினாலும் பனித்தது என்றே சொல்கிறோம். அழகான சொல்தான், ஆனால் குறிப்பேட்டில் வெறும் 'பனி' என்று எழுதினால் பிறகு எழுதியவருக்கே விளங்காது. பனித்துளி, மூடுபனி, உறைபனி என்று பிரித்தே எழுதுங்கள். 'பனி பெய்தது' என்றும் வேண்டாம். பனித்துளி மேலிருந்து விழுவதில்லை. காற்றிலுள்ள நீராவி, பனிநிலைக்கு (நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்ந்த பரப்பில் படிகிறது. 'படிந்தது' என்பதே சரி.

பனித்துளியை அளக்க 30 செ.மீ. சதுர அக்ரிலிக் தகடு, அதே அளவில் 3 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோல், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, பஞ்சு, ஜிப் பை போதும். பளபளக்கும் அலுமினியத் தகடு வேண்டாம். அது வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. அதனால் போதிய அளவு குளிராது.

சூரியன் மறைந்ததும் தெர்மாகோல்மேல் தகட்டைக் கிடைமட்டமாக வையுங்கள். தெர்மாகோல் இல்லாவிட்டால் அடியிலுள்ள பொருளின் சூடு தகட்டுக்கு ஏறிவிடும். தலைக்குமேல் வானம் முழுதும் திறந்திருக்க வேண்டும். மரத்தடியில் துளி குறைவதைப் பார்த்து, கிளை தடுத்துவிட்டது என்பார்கள். உண்மையில் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு வீசியே குளிர்கிறது. மேலே கிளையோ கூரையோ இருந்தால் அதன் வெப்பம் தகட்டுக்குத் திரும்பி வருகிறது. மேகமும் இதையே செய்யும். பலத்த காற்றும் பரப்பைக் குளிரவிடாது. அப்படிப்பட்ட இரவில் 0 வந்தால் 0 என்றே பதியுங்கள்.

உலர்ந்த பஞ்சைப் பையோடு முன்கூட்டியே எடை போட்டு வையுங்கள். சூரியன் எழுமுன் தகடு முழுவதையும் அந்தப் பஞ்சால் ஒற்றி, உடனே பைக்குள் போட்டு மூடி மறுபடி எடை பாருங்கள். கூடியிருக்கும் கிராமை 90ஆல் வகுத்தால் தகட்டில் படிந்த நீரின் உயரம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 18 கிராம் என்றால் 0.2 மி.மீ. வெயில் பட்டபின் ஒற்றினால் கணக்கு குறையும். நல்ல இரவில் 0.1 முதல் 0.5 வரை வரலாம். 0.8ஐத் தாண்டினால் தூறலோ மூடுபனியோ சேர்ந்திருக்கிறது. அந்த நாளைத் தனியே குறியுங்கள்.

தகடு காய்ந்திருக்க, இலை விளிம்பிலோ நுனியிலோ மட்டும் மணி கோத்ததுபோல் துளிகள் நின்றால், அது பனியே அல்ல. வேர் உறிஞ்சிய நீரைச் செடி வெளியேற்றியிருக்கிறது. அதை 'நீர் வடிதல்' என்று எழுதுங்கள்.