ஆர்டிஐ மனுவில் ஆளைத் துரத்தாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தான் எழுதிய ஆர்டிஐ மனுவை, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவைக் காட்டினார். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகள் அதில் அச்சு அசலாக அப்படியே இருந்தன. பத்து ரூபாய் வில்லை ஒட்டாதது, கையெழுத்தை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை மனு திரும்பி வந்தால் தானாகப் புரிந்துவிடும்.

வேலையை விட்டுவிட்டு ஆளைக் கேட்பது

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் பாதியில் நின்றது. எனக்குப் பொறியாளர் மேல் சந்தேகம். அவருடைய சொத்து விவரம், வாங்கிய மெமோக்கள், எடுத்த விடுப்பு என்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: பிரிவு 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல், தர இயலாது.

நான் விடவில்லை. மேல்முறையீடு, தகவல் ஆணையம் என்று ஒன்றரை வருடம் அலைந்தேன். பெரிய பொது நலன் இருந்தாலொழிய அரசு ஊழியரின் மெமோ, சொத்து விவரங்களைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லியிருந்தது. அதைத்தான் என் முன்னால் நீட்டினார்கள். அதற்குள் ஒப்பந்ததாரருக்குப் பணம் போய்விட்டது.

ஓய்வுபெற்ற ஒரு எழுத்தர்தான் சொன்னார்: "ஆளை விடுங்க சார், எம்-புக்கைக் கேளுங்க." எம்-புக் என்றால் செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம். மதிப்பீடு, பில், எம்-புக் மூன்றையும் நேரில் பார்வையிட மனு போட்டேன். எம்-புக்கில் 180 மீட்டர் என்று இருந்தது. தெருவில் டேப் பிடித்தால் 112. அந்தப் பதிவின் கீழே அதே பொறியாளரின் கையெழுத்து! அவர் பெயரைக் கேட்காமலே கிடைத்தது.

இப்போது இந்தத் தவறுக்கு விலை இன்னும் அதிகம். முன்பு 8(1)(ஜே)யிலேயே பொது நலனுக்கு ஒரு வாசல் இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை அடைத்துவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது 8(2) மட்டும்: வெளியிடுவதால் வரும் பொது நலன், வரக்கூடிய தீங்கைவிடப் பெரிது என்றால் தரலாம். அதனால் ஆள் பெயரோடுதான் கேட்டாக வேண்டும் என்றால், அந்தப் பொது நலன் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் வந்த தீர்ப்பில் எனக்கு வருத்தமில்லை. எம்-புக்கில் போட்ட கையெழுத்துக்கு என்ன அந்தரங்கம் என்பதுதான் என் எரிச்சல்.

முழு ஆவணத்தையும் விட்டுக்கொடுப்பது

ஆவணத்தில் தரக் கூடாத பகுதி இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று பிரிவு 10 இருக்கிறது. பயனாளிகள் பட்டியல் கேட்டால், "வங்கிக் கணக்கு எண், ஆதார் எண்ணை மறைத்துவிட்டு மீதியைத் தரவும்" என்று மனுவில் நீங்களே எழுதிவிடுங்கள்.

"ரகசியம்" என்றதும் பின்வாங்குவது

கோப்பின் மேல் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் ஆர்டிஐ சட்டமே மேலோங்கும் என்கிறது பிரிவு 22. எந்த விலக்கின் கீழ் மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். மறுத்தது சரிதான் என்று மேல்முறையீட்டில் காட்ட வேண்டியது அலுவலர், நீங்கள் அல்ல.

கோபத்தை எழுதுவது

காரணமே கேட்கக் கூடாது என்கிறது 6(2). அப்புறம் எதற்கு மூன்று பக்கப் புலம்பல்?

மேல்முறையீட்டைத் தள்ளிப்போடுவது

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நான் ஒருமுறை 34ஆவது நாள் கொண்டுபோனேன். தாமதத்துக்குக் காரணம் எழுதவே ஒரு பக்கம் ஆனது.