அக்னிவீர் முகாமுக்குக் கிளம்பும் முன்: பெயர், ஓட்டம், நான்கு ஆண்டுக் கணக்கு

என் தம்பி, ராணுவத்தில் நான்கு ஆண்டுப் பணி தரும் அக்னிவீர் திட்டத்துக்காக முதல் முறை ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனபோது எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். ஓட்டத்திலும் தேறினான். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் நின்றுபோனான். ஓர் ஆங்கில எழுத்துதான் காரணம். விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றவன், மாலையில் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மறு ஆண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்தோம். இப்போது அவன் பயிற்சி மையத்தில் இருக்கிறான்.

வேலூர் அருகே கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வழி சொல்ல மாமாவோ பெரியப்பாவோ இருப்பார். எங்கள் தெருவில் ராணுவத்துக்குப் போன முதல் ஆள் என் தம்பிதான். எங்களைப் போன்ற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

இணையத்தில் பதிவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 'ஜாயின் இந்தியன் ஆர்மி' என்ற அரசுத் தளத்தில்தான் பதிவு. முகவரி 'நிக் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு முதல் கடைசித் தகவல் வரை எல்லாம் பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும்தான் வரும். ஆகவே கடைக்காரரின் எண்ணைக் கொடுக்காமல் சொந்த எண்ணைக் கொடுங்கள். வயது வரம்பு அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறலாம். அந்த ஆண்டுக்கான அறிவிக்கையைத் தளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். பிறர் சுருக்கிச் சொல்லும் காணொளிகளை நான் நம்புவதில்லை.

முதல் வேலை: பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இது. தமிழர்களான நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முழுப் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளூரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. முகாமில் பொருட்படுத்துவார்கள்.

எங்கள் விஷயத்தில் தம்பியின் பெயர் சரியாகவே இருந்தது. அப்பாவின் பெயரில்தான் சிக்கல். மதிப்பெண் சான்றிதழில் 'சாமி' என்று முடியும் பெயர், வேறொரு சான்றிதழில் ஆங்கிலத்தில் 'ஸ்வாமி' ஆகியிருந்தது. நடுவே ஒரே ஒரு 'டபிள்யூ'. தமிழில் படித்துப் பார்த்த எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை.

இரண்டாம் முறை நான் செய்தது இதுதான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். புள்ளிக்கு ஒரு கட்டம், இடைவெளிக்கு ஒரு கட்டம். முதல் வரியில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அதன் கீழே ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பான் அட்டை, வங்கிப் புத்தகம். தம்பியின் பெயருக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிறந்த தேதிக்கு ஒன்று. மேலிருந்து கீழாக விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். எங்கே எழுத்து மாறுகிறதோ அங்கே விரல் தானாக நின்றுவிடும். அம்மாவின் பெயரிலும் ஒரு 'ஹெச்' கூடுதலாக இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் இருப்பதற்கு ஏற்ப ஆதாரையும் மற்றவற்றையும் மாற்றுங்கள். சான்றிதழையே திருத்த வேண்டுமென்றால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கணக்கிட முடியாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். மையத்தில் ஒப்புகைச் சீட்டைக் கொடுக்கும் முன் திரையில் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பின்னால் கூட்டம் நின்றால் நிற்கட்டும்.

சாதி, இருப்பிடச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் என்ற சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக, புகைப்படம் ஒட்டியவையாக இருக்க வேண்டும். அதனால் அவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் பயனில்லை. உறுதிமொழிப் பத்திரத்தை அறிவிக்கையின் பின்னிணைப்பில் உள்ள வாசகத்தின்படியே அடிக்க வேண்டும். தட்டச்சு செய்பவர் தனக்குப் பழகிய வாசகத்தில் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, 20 படி. ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களை எந்தப் பயிற்சி மையத்திடமும் ஒப்படைக்காதீர்கள். எங்கள் பகுதியில் ஒரு மையம் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவேன் என்றது. அப்பா மூன்று நாள் அலைந்து மீட்டார்.

எழுத்துத் தேர்வு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஜெனரல் டியூட்டி' எனப்படும் பொதுப்பணிப் பிரிவுக்கு 50 கேள்வி, 100 மதிப்பெண், ஒரு மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். 2025இல் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுத முடிந்தது. விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர் பாடநூல்களே அறிவியலுக்கும் கணக்குக்கும் போதும். கடையில் விற்கும் தடித்த வழிகாட்டியில் பிழைகள் இருந்தன. அதைப் பழைய தாள்களுக்காக மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஓட்டம்

1.6 கிலோமீட்டர். 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்தால் 60 மதிப்பெண். அதற்கு மேல் போகப் போகக் குறையும். புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும், வளைந்து செல்லும் கட்டை மேல் நடப்பதும் தேறினால் போதும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பொதுப்பணிப் பிரிவில் உயரம் 166 செ.மீ.; மார்பு 77 செ.மீ., மூச்சிழுத்தால் மேலும் 5 செ.மீ. விரிய வேண்டும்.

ஓட்டத்தைச் சுற்றுக் கணக்கில் பழகுங்கள். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. சுற்றுக்கு 82 நொடி. தம்பி முதல் சுற்றை 70 நொடியில் ஓடிவிடுவான். மூன்றாம் சுற்றில் 95 ஆகும். தோள் காதுவரை ஏறிவிடும். வேகத்தை அடக்க அவனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நான் ஓரமாக நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நொடியைக் கத்திச் சொல்வேன். கைபேசியில் தூரம் காட்டும் செயலிகளை விட்டுவிடுங்கள்; வளைவுகளில் அவை காட்டும் தூரம் எங்களுக்கு ஒருநாளும் ஒத்துவரவில்லை. அளவு நாடாவால் ஒரு முறை மைதானத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு, சாதாரண ஸ்டாப்வாட்ச் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதே சிறந்தது. புல்-அப்ஸுக்கு வேப்பங்கிளை வேண்டாம், இரும்புக் குழாய் வேண்டும். கிளையின் பருமனில் பிடி பழகிவிட்டால் குழாயில் கை வழுக்கும்.

முகாமுக்குப் போகும் முன் காதை மருத்துவரிடம் காட்டிக் குரும்பியை எடுத்துவிடுங்கள். ராணுவச் சூழலுக்குப் பொருந்துவீர்களா என்று பார்க்கும் தகவமைவுத் தேர்வுக்காக ஸ்மார்ட்போனை முழு சார்ஜோடும் டேட்டாவோடும் எடுத்துப்போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை

வரிசைப்படி இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் கடைசியில்தான் செய்தோம் என்பதால் இங்கே வருகிறது. படையில் சேர்வது எந்த நிபந்தனையில் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்.

தம்பி படித்த இடத்தில் ஆள்சேர்ப்புக் குழுவினர் வந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். விடுப்பில் வந்திருந்த ஒரு வீரரைச் சீருடையில் அழைத்து வந்திருந்தார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பதில் இருக்கிறது விஷயம். நான்கு ஆண்டு முடிவில் கிடைக்கும் 11.71 லட்சம் என்ற தொகை பலகையில் பெரிதாக எழுதப்பட்டது. நான்கில் ஒருவருக்கே தொடர்ந்து பணி என்பது, பையன்கள் எழுந்து கைதட்டத் தொடங்கிய நேரத்தில் சொல்லப்பட்டது. ஆள் சேர்ப்பது அவர்கள் கடமை. அதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். கேட்டு வந்த பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய கடமை நம்முடையது.

அப்பா காலண்டர் தாளின் பின்புறத்தில் போட்ட கணக்கு இது. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000. அதில் 30 விழுக்காடு, பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போகும், கையில் 21,000. இரண்டாம் ஆண்டு 33,000, கையில் 23,100. மூன்றாம் ஆண்டு 36,500, கையில் 25,550. நான்காம் ஆண்டு 40,000, கையில் 28,000. நான்கு ஆண்டில் பிடித்தம் 5.02 லட்சம். அரசும் அதே அளவு போடும். வட்டியோடு சேர்ந்துதான் 11.71 லட்சம். அதற்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. ஒவ்வொரு அணியிலும் 25 விழுக்காடு வரைதான் நிரந்தரப் படைக்கு எடுப்பார்கள். எடுக்கப்பட்டால் மேலும் 15 ஆண்டுப் பணி. அப்படி எடுக்கப்படுகிறவருக்கு நிதியில் அவர் போட்ட பங்கும் அதன் வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு கிடையாது. எங்கள் ஊரில் நான் கேட்ட யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. நான்கு ஆண்டும் திருமணம் செய்யக் கூடாது. பிடிக்கவில்லை என்று நடுவில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடவும் முடியாது. 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் படித்துவிட்டுப் போடட்டும்.

கணக்கை முடித்ததும் அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அஞ்சாவது வருஷம் என்ன செய்வே?" என்று தம்பியிடம் கேட்டார். அவன் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அஞ்சல் வழியில் பட்டப் படிப்பைத் தொடர்வதாகவும், மத்தியக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு உள்ள ஒதுக்கீட்டில் முயல்வதாகவும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

வாசகர்கள் கேட்டவை, பின்னர் சேர்த்தது

பெண்களும் சேரலாமா என்று திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். பெண்களுக்கு ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீர் பணி உண்டு. உயரம் 162 செ.மீ.; 1.6 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முதல் பிரிவு. புல்-அப்ஸ் கிடையாது, நீளத் தாண்டல் 10 அடி, உயரத் தாண்டல் 3 அடி. பெயர் ஒப்பிடும் வேலை உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பச்சை குத்தியிருப்பதைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உட்புறத்திலும், புறங்கையிலும் இருக்கலாம். வேறு இடங்களில் நிரந்தரமாகக் குத்திக்கொண்டவர்களை ஏற்பதில்லை. புயத்தில் அம்மாவின் பெயரைக் குத்தியிருக்கிறேன் என்று எழுதிய தம்பிக்கு இதைச் சொல்ல மனம் கஷ்டப்பட்டது.

இரண்டு லட்சம் கொடுத்தால் மருத்துவத்தில் தேற்றிவிடுகிறேன் என்று ஒருவர் பேசுகிறாராம். அவரை நம்பலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். நம்பாதீர்கள் அம்மா. ராணுவ ஆள்சேர்ப்பில் இடைத்தரகர் என்று யாரும் இல்லை. மருத்துவத்தில் குறை சொன்னால் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குச் சீட்டுத் தருவார்கள்; அதில் குறித்த தேதிக்குள் மகனை அனுப்புங்கள். அந்த ஆளின் எண்ணைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். மகனின் அசல் சான்றிதழ்கள் அவரிடம் இருந்தால், இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.