பார்வை பறிபோகுமுன் ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸைக் கண்டறிவது எப்படி?

50 வயதைக் கடந்த ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத தலைவலி சில வாரங்களாக நீடிக்கிறது என்று சொன்னால், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று முடிவுகட்டுவதற்கு முன் அவருடைய தமனிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். தமனிச் சுவரைத் தாக்கும் அழற்சியான ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸ், 70 வயதைத் தாண்டியவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. வட ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் இந்தியரிடம் இது குறைவுதான் என்றாலும், அந்த நினைப்பாலேயே நோய் கவனிக்கப்படாமல் போய்விடக்கூடும்.

முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். சில வாய் மென்றதும் தாடைத் தசை வலிக்கிறதா, மெல்லுவதை நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் தணிகிறதா, மறுபடி மென்றால் திரும்புகிறதா என்று அறிய வேண்டும். மெல்லும் தசைக்கு இரத்தம் போதாததால் வரும் இந்த வலியைப் பலர் தாமாகச் சொல்வதில்லை. பல் வலி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். தலை சீவும்போது உச்சந்தலை வலித்தல், காலையில் தோளும் இடுப்பும் இறுகிப்போதல், காரணமில்லாத காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றையும் விசாரிக்கவும். பின்பு நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியை இருபுறமும் விரலால் தடவிப் பாருங்கள். அது தடித்தோ, தொட்டால் வலித்தோ, துடிப்பு மங்கியோ இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஒரு கண்ணில் சில நிமிடம் திரை விழுந்தாற்போல் மங்கித் தெளிவதும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும் அபாய அறிகுறிகள். பார்வை நரம்பின் முனைக்கு இரத்தம் தரும் சிறு தமனிகள் அடைபட்டால் பார்வை திடீரென, பெரும்பாலும் நிரந்தரமாகப் போய்விடும். சிகிச்சை இல்லையேல் மறுகண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ பாதிக்கப்படக்கூடும். ஆகவே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதித்து, டார்ச் ஒளியை மாறி மாறிக் காட்டிக் கண்மணிகளின் சுருக்கத்தை ஒப்பிட வேண்டும். கண்ணின் உட்புறத்தில் நரம்பு முனை சுண்ணாம்பு போல் வெளுத்து வீங்கியிருப்பது இந்நோய்க்கே உரிய தோற்றம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வரும் இன்னொரு வகைப் பார்வை நரம்பு இரத்த அடைப்பில் வீக்கம் சற்றுச் சிவந்தே இருக்கும்.

இ.எஸ்.ஆர். (இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதம்), பிளேட்லெட் (இரத்தத் தட்டணு) எண்ணிக்கை மூன்றையும் அன்றைக்கே பார்க்கவும். இ.எஸ்.ஆர். உச்ச வரம்பை ஆணுக்கு வயதில் பாதி என்றும், பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டியதில் பாதி என்றும் கணக்கிடுவது வழக்கம். 70 வயதுப் பெண்ணுக்கு அது 40. காசநோய் உட்படப் பல காரணங்களால் இ.எஸ்.ஆர். ஏறும் என்பதாலும், நோயிருந்தும் சிலருக்கு ஏறாது என்பதாலும், இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது.

சந்தேகம் வலுவாக இருந்தால், பயாப்சி (தமனித் துண்டை வெட்டியெடுத்துச் செய்யும் சோதனை) முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட வேண்டும்: வழக்கமாக நாளொன்றுக்கு 40 முதல் 60 மி.கி. பிரெட்னிசோலோன், பார்வை பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் மூன்று நாள் சிரைவழி ஊசியாக மெத்தில்பிரெட்னிசோலோன். அல்ட்ராசவுண்டில் தமனியைச் சுற்றித் தெரியும் கருவளையம் சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே மங்கத் தொடங்குவதால், அந்தச் சோதனையை முந்தியே எடுப்பது நல்லது. பயாப்சிக்கு ஓரிரு வார அவகாசம் உண்டு. அழற்சி தமனியில் விட்டுவிட்டுப் பரவுவதால் குறைந்தது 1 செ.மீ. துண்டாவது தேவைப்படுகிறது, அதிலும் ஒன்றும் தென்படாவிட்டால், மற்ற அறிகுறிகள் பொருந்திவரும் பட்சத்தில் அந்த ஒரு முடிவைக் காட்டி ஸ்டீராய்டை நிறுத்தலாகாது.