ஆசிரியரின் பணிச்சுமை வீட்டுக்குள் வரும்போது: அளந்து, வகை பிரித்து, குறைப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களிடம் பணிச்சுமை பற்றிக் கேட்டால், பாடம் நடத்துவதைச் சுமையாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. எமிஸ் எனப்படும் அரசின் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், இணையவழிப் பயிற்சி, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் சனிக்கிழமைக் குறுவள மையக் கூட்டம், வாக்காளர் பட்டியல் வேலை, மாலை நேரச் சிறப்பு வகுப்பு, கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும் குறிப்பேடுகள் என்றுதான் பட்டியல் நீளும். பட்டியலின் கடைசியில், சற்றுத் தயக்கத்தோடு, வீட்டைப் பற்றிய ஒரு வாக்கியம் வரும். சொந்தப் பிள்ளையின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போக முடியவில்லை என்பார்கள்; அம்மாவைக் கண் அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் நாளில்தான் பயிற்சி போட்டார்கள் என்பார்கள். ஆசிரியப் பணியை விரும்பி வந்த ஒருவருக்கு அந்தப் பணியே கசந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி பணிச்சுமையையும் குடும்பத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல், இரண்டும் உரசும் இடத்தைப் பற்றியே பேசுகிறது.

முதலில் ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

"வேலை அதிகம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்டுப் பெற முடியாது. எண் இருந்தால் கேட்கலாம். தேர்வு, விழா போன்றவை இல்லாத ஒரு சாதாரண வாரத்தைத் தேர்ந்தெடுத்து, திங்கள் காலை முதல் ஞாயிறு இரவு வரை பள்ளி தொடர்பாகச் செய்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்த சுற்றறிக்கைக்குப் பதில் அளித்த கால் மணி நேரமும் அதில் இருக்க வேண்டும். பேருந்துப் பயண நேரத்தைத் தனியாக எழுதுங்கள், கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

காலை 9 மணி முதல் மாலை 4.30 வரை பள்ளியில் இருக்கும் ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு ஐந்து நாளில் 37.5 மணி நேரம் ஆகிறது. பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் மேலும் 5 மணி நேரம். வீட்டில் குறிப்பேடு திருத்த 4, பாடக்குறிப்பு எழுத 2, இணையப் பதிவுக்கும் குழுச் செய்திகளுக்கும் 2, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு 3 என்று சேர்த்தால் 53 மணி நேரத்தைத் தாண்டுகிறது. இதில் மிகைப்படுத்தல் ஏதுமில்லை என்பதைப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இந்த எண்ணை இரண்டு அளவுகோல்களோடு ஒப்பிடலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளின் ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தபட்சம் 45 மணி நேரப் பணி என்று குறிப்பிடுகிறது. பாடத் தயாரிப்புக்கான நேரமும் அந்த 45க்குள்ளேயே அடங்கும். இரண்டாவது, உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கூட்டு ஆய்வு: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத ஆபத்து சுமார் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 விழுக்காடும் கூடுதல் என்று அது கணித்தது. மேலே கூட்டிய 53 மணி நேரம் அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். திருப்புதல் தேர்வு நடக்கும் மாதத்தில் அது எல்லையைக் கடந்துவிடும்.

வீட்டு வேலையையும் அதே வாரத்தில் எழுதுங்கள். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடத்தையும், ஆண்கள் 88 நிமிடத்தையும் அவற்றில் செலவிடுகிறார்கள். வேலைக்குச் செல்பவர்கள், செல்லாதவர்கள் எல்லாரையும் சேர்த்த சராசரி இது; வேலைக்குச் செல்லும் ஓர் ஆசிரியையின் கணக்கு வேறாக இருக்கலாம். அதனால்தான் உங்கள் வீட்டின் கணக்கை நீங்களே எடுப்பது அவசியமாகிறது.

உங்கள் நெருக்கடி எந்த வகை?

1985இல் ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கலஸ் பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதலை மூன்றாகப் பிரித்தார்கள்: நேரத்தால் வருவது, மன இறுக்கத்தால் வருவது, நடத்தையால் வருவது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இந்தப் பிரிப்பு பயன்படுவதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தீர்வு வெவ்வேறாக இருப்பதுதான். நேரமே இல்லாதவரிடம் தியானம் செய்யச் சொல்வது அவருடைய வேலைப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதாகும். மனம் இறுகிக் கிடப்பவருக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தால், அந்த நாளையும் பள்ளியை நினைத்தே கழிப்பார்.

நேர மோதலைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். மன இறுக்க மோதலில் உடல் வீட்டில் இருக்கும், ஆனால் காலையில் ஒரு மாணவனைக் கண்டித்த விதம் சரியா என்ற எண்ணம் இரவுச் சாப்பாட்டின்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதான நடத்தை மோதல் ஆசிரியர்களிடம் எளிதில் வரக்கூடியது. அதிகம் பேசப்படாததும் அதுதான். நாற்பது பேர் கொண்ட வகுப்பை நடத்தப் பழகிய குரலும் பார்வையும் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளியில் தோழியோடு நடந்த சண்டையைச் சொல்ல வருகிறாள். அம்மாவின் கண் அவள் கையிலிருக்கும் குறிப்பேட்டில் விழுகிறது, "தேதி ஏன் போடலை? ஓரக்கோடு எங்கே?" என்று கேட்கிறார். மகள் சொல்ல வந்ததைச் சொல்லாமலே உள்ளே போய்விடுகிறாள். அந்த ஆசிரியைக்கு அன்று நேரம் இருந்தது, மன இறுக்கமும் அவ்வளவாக இல்லை. பள்ளியில் நல்ல ஆசிரியராக்கிய பழக்கமே வீட்டில் குறுக்கே நின்றது. இதற்கு விடுப்பு மருந்தாகாது. வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரத்தில் படிப்பு, குறிப்பேடு, மதிப்பெண் ஆகிய மூன்றைப் பற்றியும் கேள்வி கேட்பதில்லை என்று முடிவெடுத்துக்கொள்வதும், கேட்டுவிட்டால் சுட்டிக்காட்டும் உரிமையைப் பிள்ளைகளுக்கே கொடுப்பதும் பயன் தரும்.

உங்கள் வாரக் குறிப்பில், வீட்டோடு உரசல் ஏற்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் நேரம், இறுக்கம், நடத்தை என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். எது அதிகம் வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

நேரம்: குறிப்பேட்டுக் கட்டு

நேர மோதலில் ஆசிரியரே ஓரளவு மாற்றக்கூடிய மிகப் பெரிய இனம் குறிப்பேடு திருத்துவது. ஐந்து பிரிவு, பிரிவுக்கு 40 மாணவர் என்றால் 200 குறிப்பேடுகள். ஒன்றுக்கு 2 நிமிடம் ஒதுக்கினாலும் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் பெரும்பாலும் சரிக்குறியும் கையொப்பமும்தான் போட முடிகிறது. மாணவர் அதிலிருந்து கற்பது மிகக் குறைவு.

இதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஒரு பிரிவின் குறிப்பேடுகளை மட்டும் ஆழமாகத் திருத்துங்கள். மற்றப் பிரிவுகளில் எட்டுப் பத்துக் குறிப்பேடுகளை எடுத்துப் படித்து, பொதுவாகக் காணப்படும் நான்கைந்து பிழைகளைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே தங்கள் குறிப்பேட்டில் அவற்றைத் தேடித் திருத்தச் செய்யலாம். பிழை அன்றைக்கே திருத்தப்படுவதால் கற்றலுக்கும் இது நல்லது. ஆய்வுக்கு வரும் அலுவலர் எல்லாக் குறிப்பேட்டிலும் கையொப்பம் எதிர்பார்ப்பார் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே இந்தச் சுழற்சி முறையை ஒரு தாளில் கால அட்டவணையாக எழுதி, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒப்புதல் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அவற்றில் மூன்றையாவது ஜனவரியிலேயே குடும்ப நாட்களாகக் குறித்துவிடுங்கள்; அவசரத்துக்கு மட்டும் என்று எண்ணியிருந்தால் எல்லாம் அவசரத்திலேயே கரைந்துவிடும்.

மன இறுக்கம்: பள்ளியைப் பள்ளியிலேயே முடிப்பது

முடிக்காத வேலைதான் மனத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவிட்டாலே, அதைப் பற்றிய எண்ணம் குறுக்கிடுவது குறைகிறது என்று 2011இல் வெளியான மசிக்காம்போ, பௌமைஸ்டர் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஆகவே கடைசி மணி அடித்ததும் பையை எடுக்காமல், ஆசிரியர் அறையிலேயே ஐந்து நிமிடம் அமர்ந்து, மீதமுள்ளவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளையோ மறுநாளோ எந்தப் பாடவேளை என்று குறியுங்கள். "9ஆம் வகுப்பு வினாத்தாள்" என்று எழுதினால் போதாது. "9ஆம் வகுப்பு வினாத்தாள், வியாழன் மூன்றாம் பாடவேளை" என்று எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களை மாலை ஏழு மணிக்கு மேல் ஒலி நிறுத்தி வையுங்கள். உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி அழைப்பு வரும் என்பதைச் சக ஆசிரியர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவர் மட்டும் இதைச் செய்தால் அக்கறை இல்லாதவர் என்ற பெயர் வரும். நான்கு பேர் சேர்ந்து செய்தால் அது பள்ளியின் வழக்கமாகும்.

தலைமையாசிரியரிடம் பேசுவது

இதுவரை சொன்னவை தனிமனிதரின் கையில் உள்ளவை. பணிச்சுமையின் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. அதை ஆசிரியரின் பொறுமைக் குறைவாகப் பேசுவது அநீதி. ஓராண்டு முழுவதும் ஒரு பணியிடம் காலியாக இருந்தால் அந்த வகுப்புகளை யாரோ சுமந்தாக வேண்டும். எந்த நேர மேலாண்மையும் அதை மாற்றாது.

ஆயினும் பள்ளி அளவில் மாற்றக்கூடியவை உண்டு. பேசும்போது ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையை, எண்ணோடும் மாற்று வழியோடும் முன்வையுங்கள். "ஐயா, இந்த மாதத்தில் வராத ஆசிரியர்களுக்குப் பதிலாக நான் 14 பாடவேளைகள் எடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் சமமாக வரும்படி ஒரு பதிவேடு வைத்தால் நன்றாக இருக்கும், அதை நானே பராமரிக்கிறேன்" என்று சொன்னால் மறுப்பது கடினம். நான்கு பாடவேளைகள் தொடர்ந்து வராதபடி கால அட்டவணை அமைப்பது, ஒரே தகவலை மூன்று படிவங்களில் கேட்காமல் ஒரே முறை திரட்டுவது, சிறப்பு வகுப்பைச் சுழற்சியில் விடுவது, கைக்குழந்தை உள்ள ஆசிரியைக்குக் கடைசிப் பாடவேளையை ஓய்வாக ஒதுக்குவது ஆகியவற்றுக்கு மேலதிகாரியின் அரசாணை எதுவும் தேவையில்லை.

பிற பணிகளைப் பொறுத்தவரை சட்ட நிலையைத் தெரிந்து வைத்திருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்வி சாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 2007 டிசம்பரில், தேர்தல் ஆணையத்துக்கும் செயின்ட் மேரீஸ் பள்ளிக்கும் இடையிலான வழக்கில், வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நாட்களிலும்தான் ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மாணவரின் பாட நேரத்தைக் காக்கும் நல்ல தீர்ப்பு இது. ஆனால் காக்கப்பட்ட அந்த நேரத்துக்கான விலை ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை. எனவே அத்தகைய நாட்களைத் தேதியோடு தனியே பதிந்து வைத்து, ஈடுசெய் விடுப்புக்கு இடமிருக்கும்போது எழுத்து மூலம் கேளுங்கள். தனியார் பள்ளியில் பணியாற்றுபவர்களுக்கு இவ்வளவு இடமிருக்காது. அவர்கள் பணி நியமன ஆணையில் வேலை நேரம் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

வீட்டில் பங்கிடுவது

வீட்டில் "கொஞ்சம் உதவுங்கள்" என்று கேட்பதால் சுமை குறையாது. உதவுபவருக்கு வேலை சொல்லும் பொறுப்பும் உங்களிடமே கூடுதலாகச் சேரும். ஒரு வேலையை நினைவில் வைப்பது முதல் முடிப்பது வரை முழுவதுமாகக் கைமாற்றுங்கள். மாமியாரின் மாத்திரை தீர்வதைக் கவனிப்பது, மருந்துச் சீட்டை எடுத்துச் செல்வது, வாங்கி வந்து டப்பாவில் பிரித்து வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு வேலை. முதல் சில வாரங்களில் அது உங்கள் முறைப்படி நடக்காது. அப்போது திரும்ப வாங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் கடினமான பகுதி.

வெளிமாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வீடு வந்து, திங்கள் விடியற்காலை கிளம்பும் ஆசிரியர்களுக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது. அவர்களுக்கு உண்மையான தீர்வு இடமாறுதல்தான். இடமாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை பெறுவதற்கான சான்றுகளை அறிவிப்பு வருவதற்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

மீண்டும் அளப்பது

ஆறு வாரம் கழித்து, அதே படிவத்தில் இன்னொரு வாரத்தை எழுதுங்கள். மணி நேரம் குறைந்தும் பணியில் மனம் ஒட்டவில்லை என்றால், சிக்கல் நேரத்தில் இல்லை. நீண்ட உழைப்பு ஒருவரைக் களைப்படையச் செய்கிறது. ஆதரவும், தன் வகுப்பைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் இல்லாமை அவரைப் பணியிலிருந்து விலகச் செய்கிறது. வேலைச் சோர்வு பற்றிய ஆய்வுகள் இவ்விரண்டையும் தனித்தனிப் பாதைகளாகவே பார்க்கின்றன. இரண்டாவது பாதையில் இருப்பவருக்கு, சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவதோ, தனக்குப் பிடித்த ஒரு செயல்பாட்டை வாரம் ஒரு பாடவேளையில் மீட்டெடுப்பதோ நேரக் குறைப்பைவிட அதிகப் பயன் தரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமலோ, காலையில் பள்ளியை நினைத்ததும் நெஞ்சு படபடத்தோ, மாணவர்கள் மீது எந்த உணர்வுமே இல்லாமல் போயோ இருந்தால், அட்டவணைகளை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம். மருத்துவர் ஓய்வு தேவை என்று எழுதிக்கொடுத்தால், பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவ விடுப்புக்கு அன்றே விண்ணப்பியுங்கள்.