உளவாளிக்கு ஒரே ஒரு சூட் தைப்பவர்களுக்கு

உளவுப் படங்களின் ஆடைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள் காகிதத்தில் அருமையாக வரைகிறார்கள். படப்பிடிப்பு தொடங்கியதும் அவர்கள் சறுக்கும் இடங்கள் மட்டும் மாறவே இல்லை. நான் உதவியாளராக இருந்தபோது திட்டு வாங்கிய அதே இடங்கள். 1960களில் நடக்கும் கதையில் இந்தக் காலத்துக் கைக்கடிகாரம் கட்டிவிடுவது, விலைச்சீட்டை எடுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பணம் போன பிறகே தெரியவரும் தவறுகள் வேறு.

ஒரே சூட்டை நம்பிப் படப்பிடிப்புக்குப் போவது

'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் கேரி கிராண்ட் பெரும்பகுதி ஒரே சாம்பல் நிற சூட்டோடு ஓடுகிறார். வயல்வெளியில் விமானம் துரத்தப் புழுதியில் விழுகிறார். பிறகு ஹோட்டலில் அதே சூட்டைச் சுத்தம் செய்து இஸ்திரி போடக் கொடுக்கிறார். பார்வையாளனுக்கு அது ஒரு சூட். அதைப் பார்த்துவிட்டு வரும் புதியவரும் ஒன்றுதான் தைக்கிறார், போனால் போகிறது என்று உபரியாக இன்னொன்று. அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

'ஸ்கைஃபால்' (2012) தொடக்கக் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் துரத்தல், ரயில் கூரைமேல் சண்டை, தோளில் காயம், கடைசியில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுதல். இடையில் ரயில் பெட்டிக்குள் குதித்ததும் நாயகன் சட்டையின் கைப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொள்கிறார். அந்த ஒரு அசைவு எடுபட வேண்டுமானால் அந்த நொடியில் கோட்டில் எவ்வளவு அழுக்கு, எவ்வளவு ரத்தம், எந்த இடத்தில் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

உங்கள் கதையிலும் இப்படி ஒரு பகுதி இருந்தால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நாயகனுக்குச் சுத்தமானது 2, புழுதி படிந்தது 1. ரத்தக் காட்சிக்கு மூன்று டேக் போனால் 3, ஏனென்றால் ரத்தம் தெறித்த கோட்டைத் துவைத்துக் காயவைக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் விழுவதற்கும் அதே காரணத்தால் 3. ஒன்பது ஆகிவிட்டது. டூப்புக்குப் புழுதி 1, ரத்தம் 1, தண்ணீர் 2. மொத்தம் 13. இந்த எண்ணைக் கேட்டதும் தயாரிப்பு அலுவலகம் உங்களைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். பார்க்கட்டும்.

டூப்பின் கோட்டை நாயகனின் அளவில் தைப்பது இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு தவறு. அவர் உள்ளே முழங்கைக்கும் முதுகுக்கும் பஞ்சுப்பட்டைகள் அணிவார். ரோப் காட்சி என்றால் சட்டைக்கு அடியில், கயிற்றில் தொங்கவிட உடம்போடு கட்டும் வார்க்கச்சை இருக்கும். கயிறு வெளியே வர, தையலோடு தையலாக மறைந்திருக்கும் பிளவு வேண்டும். அக்குளுக்குள் இழுபடும் துணியில் ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் குத்திலேயே கிழியும்.

துணியை ஒரே தடவையில் வாங்குங்கள். அதே ஆலை, அதே எண் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும், வேறொரு நாள் சாயமேறிய சாம்பல் வேறு சாம்பல். கடை வெளிச்சத்தில் தெரியாது. படப்பிடிப்பு விளக்கடியில் ஒன்று நீலம் தட்டும், மற்றது பச்சை தட்டும்.

ஒரு படத்தில் இத்தனையும் ஒன்றாக நடந்ததைப் பார்த்தேன். காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை என்பதையே அந்த இளைஞர் கணக்கில் எடுக்கவில்லை. மழைச் சண்டையை முதலில் எடுத்தார்கள். இருந்த ஒரே நல்ல கோட்டின் வலது கை தோளோடு பிய்ந்தது. அதே கோட் புத்தம் புதிதாக வர வேண்டிய அலுவலகக் காட்சி அடுத்த வாரம். உபரியைப் பிந்தி வாங்கிய துணியில் தைத்திருந்ததால் நிறம் சேரவில்லை. கம்பளி நனைந்து சுருங்கியதில் லேப்பல், அதாவது மார்பில் மடிந்து விழும் கழுத்துப்பட்டி, சுருண்டு நின்றது. கையை ஒட்டுப்போட்டு, நாயகனை இடப்பக்கத்திலிருந்து மட்டுமே படமெடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் மூன்று நாள் திட்டமிட்ட ஷாட்டைக் கைவிட்டார். தயாரிப்பாளரோ, "கடையில் இன்னொன்று வாங்கிவிடலாமே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஒவ்வொரு நகலுக்கும் உள்பக்கம் ஒரு துணிச்சீட்டு தையுங்கள்: யாருடையது, எந்த நிலை, எந்தக் காட்சி எண். கிழிந்த நிலைக்கு முதலில் ஒன்றைக் கிழித்து, அதைப் புகைப்படம் எடுத்து, மற்றவற்றை அதன்படி உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் கொண்டு தேய்த்துச் செய்யுங்கள். மிச்சத் துணியைப் படம் வெளியாகும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். மறுபடப்பிடிப்பு எப்போதும் நீங்கள் மூட்டை கட்டிய பிறகே அறிவிக்கப்படும்.

துப்பாக்கி இல்லாமல் அளவு பார்ப்பது

முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ' (1962) எடுக்கும் முன்பு இயக்குநர் டெரன்ஸ் யங், ஷான் கானரியைத் தன் சொந்தத் தையல்காரர் அந்தோணி சின்க்ளேரிடம் அழைத்துப் போனார். அந்த சூட்டோடு தூங்கச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, நோக்கம் சரியானது. கோட் உடம்புக்குப் பழக வேண்டும், உடம்பும் கோட்டுக்குப் பழக வேண்டும்.

அளவு பார்க்கும் நாளில் நடிகரை நிற்க வைத்துக் கண்ணாடியில் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். துப்பாக்கியை அக்குளுக்கடியில் தொங்கவிடும் தோளுறையை மாட்டி, அதில் காட்சியில் வரும் அதே துப்பாக்கியை வைத்து, உட்காரச் சொல்லுங்கள், ஓடச் சொல்லுங்கள், உருவச் சொல்லுங்கள். இடது மார்புப் பக்கம் துணி கொஞ்சம் தாராளமாக விழ வேண்டும். இன்றைய மோகத்தில் பட்டன் தெறிக்கும் அளவுக்கு இறுக்கித் தைத்தால், உள்ளே இருப்பது எந்த ரகத் துப்பாக்கி என்று எதிரி தெருவின் மறுமுனையிலிருந்தே சொல்லிவிடுவான்.

கை பொருத்தும் வளைவைப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாக அசையும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வளைவு தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது கோட் முழுவதும் காதுவரை ஏறும். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டினால் கை மட்டும் போகும், கோட் இருந்த இடத்தில் இருக்கும்.

கறுப்புக் கண்ணாடி

வேண்டாம்.

எல்லா உளவாளியையும் கனவானாக்குவது

பாண்ட் ஒரு விதிவிலக்கு. 'தி இப்க்ரெஸ் ஃபைல்' (1965) படத்தில் மைக்கேல் கெய்ன் தடித்த சட்டகக் கண்ணாடியும் மழைக்கோட்டுமாக, மாதச் சம்பளக்காரராகவே வருகிறார். 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (2011) படத்தில் ஆடை வடிவமைப்பாளர் ஜாக்குலின் டுரான் உடுத்திவிட்ட மனிதர்களை வழியில் பார்த்தால் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். அப்படித் தெரியாமல் போவதற்கு அதிக உழைப்பு தேவை.

நிஜ உளவுத்துறை இதை நன்றாக அறிந்திருந்தது. எதிரி நாடுகளுக்குள் ரகசிய வேலை செய்ய பிரிட்டன் 1940இல் தொடங்கிய எஸ்.ஓ.இ. அமைப்பு, பிரான்சுக்குள் அனுப்பும் ஆட்களுக்கு அந்நாட்டு முறையிலேயே உடை தைத்தது. பட்டனின் துளைகளில் நூல் குறுக்காகப் போனால் அது பிரிட்டன் தையல். இணையாகப் போனால் ஐரோப்பியத் தையல். அந்த நூல் ஒருவரின் உயிருக்கு உலைவைக்கலாம் என்பதால் அதையும் கவனித்தார்கள். பட்டன் திரையில் தெரியாதே என்று கேட்கும் உதவியாளர்கள் உண்டு. நடிகருக்குத் தெரியும்.

காலணியின் அடிப்பாகம்

தேய்த்து வையுங்கள். நாயகன் கீழே விழும்போது கேமராவுக்குத் தெரிவது அதுதான்.

பெண் உளவாளிக்குக் கையில்லாத கவுன்

வரைபடத்தில் அழகாக இருக்கும். மாடிப்படியில் உருளும் காட்சி அதே உடையில் என்று பிறகு தெரியும்போது, முழங்கைப் பட்டையை எங்கே மறைப்பீர்கள்? டூப் பெண் வெறும் தோலோடு படியில் மோத வேண்டியிருக்கும். சண்டை இயக்குநரிடம் பேசாமல் ஒரு கைநீளத்தைக்கூட முடிவு செய்யாதீர்கள். மேலே ஒரு கோட் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குதிகால் உயர்ந்த காலணிக்கு, அதே நிறத்தில் தட்டையான ஒரு ஜோடியும் தயாராக இருக்கட்டும். கால் சட்டகத்துக்குள் வராத ஷாட்டுகள் நிறைய உண்டு.

சத்தம் போடும் துணி

உளவுப் படத்தில் பாதி வசனம் கிசுகிசுப்பு. தோல் ஜாக்கெட் முனகும், நைலான் சரசரக்கும், பட்டு டை உள்ளே மறைத்து வைத்த மைக்கின் மீது உரசும். ஒலிப்பதிவாளர் அதை உங்களிடம் வந்து சொல்லும்போது கோட் தைத்து முடிந்திருக்கும். துணியை வாங்கும் முன் காதோரம் வைத்துக் கசக்கிப் பாருங்கள். நெருங்கிய கட்டமும் மெல்லிய கோடும் உள்ள துணியானால், ஒரு முழத்தை வாங்கி படமெடுக்கப் போகும் அதே டிஜிட்டல் கேமராவின் முன் அதைப் போர்த்தி நடந்து காட்டுங்கள். கோடுகள் நெளிந்து மினுங்கினால் அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் அகலமான கட்டத்தில் தேடுங்கள்.