நாலு பேர் முன்னால் எதைக் காட்டுவது, எதை விடுவது

முதலில், 'நான் யாருக்காகவும் நடிக்க மாட்டேன்' என்ற வீறாப்பை ஓரமாக வைத்துவிடுங்கள். மேலதிகாரியிடம் பேசுகிற குரலில் யாரும் தம்பியிடம் பேசுவதில்லை. ஷெட்லாந்து தீவில் ஒரு ஓட்டலைக் கவனித்த எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர், சமையலறைக்குள் ஒரு மாதிரி இருக்கிற ஊழியர்கள் கதவைத் தாண்டிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுவதைப் பார்த்து, பிறர் பார்க்கிற இடத்தை முன்மேடை, பார்க்காத இடத்தைப் பின்மேடை என்று பிரித்தார். நாம் எல்லோரும் தினமும் அந்தக் கதவைத் தாண்டுகிறவர்கள்தான்.

அப்புறம், உங்களை எல்லோரும் உற்றுப் பார்ப்பதாக நினைப்பதைக் குறையுங்கள். 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு பாடகர் படம் போட்ட டீஷர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள், பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். அதனால் தலைமுடி முதல் செருப்பு வரை எல்லாவற்றுக்கும் மெனக்கெடாமல், அவர்கள் மனதில் நிற்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதையும் பட்டமாகச் சொல்லாதீர்கள், நடந்ததாகச் சொல்லுங்கள். 'நான் பொறுப்பானவன்' என்றால் யாரும் நம்பப்போவதில்லை. 'கடைசி நேரத்தில் ரெண்டு பேர் லீவு போட்டுட்டாங்க, மிச்சம் இருந்தவங்களை வச்சு ராத்திரிக்குள்ள முடிச்சோம்' என்றால் கேட்பவரே அந்த முடிவுக்கு வந்துவிடுவார். 'எல்லாத்தையும் பெர்ஃபெக்டா செய்யணும்னு நினைக்கிறதுதான் என் குறை' என்று மட்டும் சொல்லித் தொலைக்காதீர்கள். குறை சொல்கிற மாதிரிப் பீற்றிக்கொள்வதைவிட நேரடியாகப் பீற்றிக்கொள்வதே தேவலை.

தடுமாற்றம் வந்தால் வரட்டும். 1966-இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரின் குழு செய்த சோதனையில், கெட்டிக்காரர் காபியைக் கொட்டிக்கொண்டபோது ஒலிப்பதிவில் அதைக் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது, சுமாரானவர் கொட்டியபோது மதிப்பு இறங்கியது. ஆக, வேலை தெரிந்த பிறகுதான் அசட்டுத்தனம் அழகு. வேண்டுமென்றே கொட்டிப் பார்க்க வேண்டாம்.

நாள் முழுக்க உதட்டில் மட்டும் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்கிற வேலை என்றால் ஆள் களைத்துப்போவார். விமானப் பணிப்பெண்களை வைத்து ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் விரிவாக எழுதியது இதைப் பற்றித்தான். நடுவில் பத்து நிமிஷம் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார ஓர் இடமும், பந்தா இல்லாமல் புலம்ப ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும்.

இருப்பதிலேயே சிக்கல், இரண்டு கூட்டம் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான். பள்ளித் தோழன் 'டேய்' என்று தோளில் கைபோடும்போது பக்கத்தில் மேனேஜர். அந்த நேரத்தில் தோழனைத் தெரியாத மாதிரி நடந்துகொண்டால் இரண்டு பேரிடமும் பெயர் கெடும். இருவரையும் அறிமுகப்படுத்திவிட்டு, பொதுவாக நாலு வார்த்தை பேசிச் சீக்கிரம் நகருங்கள், அவர்களுக்கும் அது சங்கடம்தான்.